நாலில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். கவனிக்க ஆள் இருந்தாலும் தங்க வீடு இல்லை: ஸ்காட்லாந்தின் ஆர்கைல் அண்ட் பியூட்டில் என்ன நடக்கிறது?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது ஆர்கைல் அண்ட் பியூட். தீவுகள், மலைகள், ஏரிகள், விஸ்கி ஆலைகள் என்று சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் இடம். ஆனால் அங்கேயே வாழ்கிறவர்களின் கணக்கு வேற மாதிரி. இளைஞர்கள் வெளியேறுகிறார்கள், ஓய்வுபெற்றவர்கள் குடியேறுகிறார்கள், மொத்த மக்கள்தொகை மெல்லக் குறைகிறது.

உலகத்தில் பல நாடுகளுக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது, இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். இங்கே வயதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. 85 வயது மூதாட்டியைக் குளிக்க வைக்க ஒரு பணியாளர் தினமும் வர வேண்டும். அவர் வர சாலை திறந்திருக்க வேண்டும், படகு ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பணியாளர் குடியிருக்க அந்த ஊரில் ஒரு வீடு கிடைக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மூதாட்டி தன் தீவை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

ஒரே பார்வையில்:

• பரப்பளவு: சுமார் 6,900 சதுர கிலோமீட்டர். ஸ்காட்லாந்தின் 32 கவுன்சில் பகுதிகளில் இரண்டாவது பெரியது.
• மக்கள்தொகை: 2011 கணக்கெடுப்பில் 88,166. 2022 கணக்கெடுப்பில் சுமார் 86,000.
• மக்கள் வாழும் தீவுகள்: 20க்கும் மேல்.
• 65 வயதும் அதற்கு மேலும்: நாலில் ஒருவருக்கும் அதிகம்.
• 2023 ஜூன்: ஸ்காட்லாந்திலேயே முதல் ஆளாக ‘வீட்டுவசதி அவசரநிலை’ அறிவித்த கவுன்சில்.

ஆர்கைல் அண்ட் பியூட் எங்கே இருக்கிறது?

கிளாஸ்கோ நகரத்திலிருந்து மேற்கே புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பகுதியின் எல்லையைத் தொட்டுவிடலாம். ஆனால் அதன் மறுமுனைக்குப் போய்ச் சேர ஒரு நாளே போதாமல் போகலாம். காரணம், இதன் வடிவம்.

பனிக்காலத்தில் பனிப்பாறைகள் மலைகளைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பிறகு அவற்றுக்குள் கடல் புகுந்தது. இப்படி உருவான கடல் நீர்க்கால்களை அங்கே ‘லாக்’ என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மிக நீளமான கடல் லாக்கான லாக் ஃபைன் இந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. நிலமோ கை விரல்களைப்போல் தீபகற்பங்களாக நீள்கிறது. அதற்கு அப்பால் மல், ஐலா, ஜூரா, டைரீ, கோல், அயோனா, பியூட், கீயா என்று தீவுகள். வளைவு நெளிவுகளையெல்லாம் சேர்த்து அளந்தால் இதன் கடற்கரை பிரான்ஸ் நாட்டின் கடற்கரையைவிட நீளம் என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள்.

இவ்வளவு பெரிய இடத்தில் சதுர கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர்தான் வாழ்கிறார்கள். ஸ்காட்லாந்தின் சராசரி சுமார் 70. பெரிய ஊர் என்றால் ஹெலன்ஸ்பரா. அங்கேயே 20,000 பேர் கிடையாது. அடுத்ததாக ஓபன், டனூன், கேம்பல்டவுன், ராத்சே. கவுன்சிலின் தலைமையகம் இருக்கும் லாக்கில்பெட் ஒரு சின்ன ஊர்.

ஹெலன்ஸ்பரா மட்டும் கொஞ்சம் வேறு கதை. கிளாஸ்கோவுக்கு ரயில் இருக்கிறது. பக்கத்திலேயே ஃபாஸ்லேனில் பிரிட்டனின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களின் கடற்படைத் தளம் இருக்கிறது. பல ஆயிரம் பேருக்கு அங்கே வேலை. மேற்கே போகப் போக இந்த வசதிகள் எல்லாம் தேய்ந்துவிடும்.

வரைபடத்தில் பக்கம், சாலையில் தூரம்

கின்டயர் தீபகற்பத்தின் தெற்கு முனையில் இருக்கிறது கேம்பல்டவுன். கிளாஸ்கோவிலிருந்து பறவை பறக்கும் கோட்டில் அளந்தால் சுமார் 100 கிலோமீட்டர். சாலையில் போனால் 220 கிலோமீட்டர் வரை ஆகிவிடும். மூன்று மணி நேரத்துக்கும் மேலான பயணம். இந்தத் தீபகற்பத்தின் நுனியிலிருந்து பார்த்தால் வட அயர்லாந்து தெரியும். நடுவில் இருக்கும் கடல் 20 கிலோமீட்டர்தான். தங்கள் நாட்டின் பெருநகரத்தைவிட இன்னொரு தீவு அவர்களுக்குக் கிட்ட.

டனூன் இன்னொரு உதாரணம். கிளைட் முகத்துவாரத்தின் அந்தப் பக்கம் கூரக். இந்தப் பக்கம் டனூன். படகில் அரை மணி நேரம் ஆகாது. படகு நின்றுபோனால்? நீர்க்கால்களையும் மலையையும் சுற்றிக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும்.

அந்தச் சுற்று வழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்கைலின் உட்பகுதிக்குப் போகும் முக்கியச் சாலையான ஏ83, ‘ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்’ என்ற மலைக் கணவாயைக் கடக்கிறது. ‘ஓய்வெடுத்து நன்றி சொல்’ என்று அர்த்தம். 18ஆம் நூற்றாண்டில் இங்கே ராணுவச் சாலை போட்ட சிப்பாய்கள், மேடு ஏறி முடித்த இடத்தில் வைத்த கல்லில் பொறித்த வாசகம் அது. இன்று அந்த மேட்டில் ஓய்வெடுக்க யாருக்கும் தைரியம் வராது. கனமழை பெய்தால் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாகச் சாலைக்கு இறங்கிவிடும். 2020 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான டன் மண் சரிந்தது. அதிலிருந்து அடிக்கடி சாலை மூடப்படுவதும், கீழே இருக்கும் பழைய ராணுவச் சாலையில் வண்டிகளை வரிசையாக அழைத்துப்போவதும் வாடிக்கையாகிவிட்டது.

நிரந்தரத் தீர்வாகச் சாலைக்கு மேல் 1.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை மாதிரி ஒரு காப்பு அமைப்பைக் கட்டலாம் என்று 2023இல் ஸ்காட்லாந்து அரசு தேர்வு செய்தது. மேலே சரியும் மண் கூரை மீது விழும். கீழே வண்டிகள் போகும். அது கட்டி முடிகிற வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வயதானவர்கள்?

2022 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 54 லட்சத்து 36 ஆயிரம். அதில் 65 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் சுமார் 10.9 லட்சம். 15 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சுமார் 8.3 லட்சம். அதாவது நாடு முழுவதுமே பேரப்பிள்ளைகளைவிட தாத்தா பாட்டிகள் அதிகம். நாட்டின் சராசரியில் ஐந்தில் ஒருவர் முதியவர் என்றால், ஆர்கைல் அண்ட் பியூட்டில் நாலில் ஒருவருக்கும் மேல். இதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, இளைஞர்கள் வெளியே போகிறார்கள். பள்ளி முடிந்ததும் 17, 18 வயதில் கிளாஸ்கோ, எடின்பரா என்று கல்லூரிக்குக் கிளம்புகிறார்கள். படித்து முடித்ததும் வேலை அங்கேயே. திரும்பி வர நினைத்தாலும் வீடும் வேலையும் ஒரே இடத்தில் அமைவது கஷ்டம். ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்கைல் கல்லூரி உள்ளூரிலேயே படிக்க வழி செய்கிறது. ஆனால் எல்லாப் படிப்பும் அங்கே கிடைக்காது.

இரண்டாவது, ஓய்வுபெற்றவர்கள் வருகிறார்கள். இங்கிலாந்திலோ கிளாஸ்கோவிலோ வீட்டை விற்றுவிட்டு, கடல் தெரியும் வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு குடியேறுகிறார்கள். இது பிரச்னை மட்டும் இல்லை, வரவும்கூட. கையில் ஓய்வூதியம் இருக்கிறது, உள்ளூர்க் கடையில் செலவு செய்கிறார்கள். ஊர் மன்றம், நூலகம், விழா, தன்னார்வ வண்டி ஓட்டம் என்று பல வேலைகள் இவர்களால்தான் நடக்கின்றன. 62 வயதில் வரும் தம்பதிக்கு எந்தக் குறையும் இருக்காது. சிக்கல் ஆரம்பிப்பது இருபது வருஷம் கழித்து. இருவரில் ஒருவர் இறந்திருப்பார். மற்றவரால் கார் ஓட்ட முடியாது. பிள்ளைகள் 500 கிலோமீட்டர் தள்ளி இருப்பார்கள்.

மூன்றாவது, பிறப்பைவிட இறப்பு அதிகம். இங்கே ஒரு வருடத்தில் பிறக்கும் குழந்தைகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பேர் இறக்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தால்தான் எண்ணிக்கை இப்போது இருக்கிற அளவிலாவது நிற்கும்.

ஆள் குறைவது இன்று நேற்று தொடங்கியது இல்லை

19ஆம் நூற்றாண்டில் நில உடைமையாளர்கள் ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1840களில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் வந்து பஞ்சம் பரவியது. ஆயிரக்கணக்கானோர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளாஸ்கோ தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். 1831இல் ஐலா தீவில் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். 2011இல் 3,228. டைரீயில் அப்போது சுமார் 4,450 பேர், 2011இல் 653.

ஆகவே இந்த ஊர்களில் ஆள் குறைவது என்பது புள்ளிவிவரம் மட்டும் கிடையாது. கூரை இல்லாத பழைய கல் வீடுகளாக அது கண்ணெதிரே நிற்கிறது. ‘இன்னொரு முறை காலியாகிவிடுமோ’ என்ற பேச்சு அங்கே சீக்கிரம் எழுவதற்குக் காரணம் இதுதான்.

வயதானால் கவனிக்க யார் வருவார்கள்?

ஸ்காட்லாந்தில் 2002 முதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘தனிநபர் பராமரிப்பு’ இலவசம். குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, சாப்பிட உதவுவது, மருந்து எடுத்துக்கொடுப்பது போன்றவை இதில் அடங்கும். யாருக்கு எவ்வளவு தேவை என்று மதிப்பிட்ட பிறகு சேவை தரப்படும். வீட்டைப் பெருக்குவது, கடைக்குப் போவது போன்றவை இதில் சேராது. முதியோர் இல்லத்தில் சேர்ந்தால் தங்கும் செலவுக்கு வசதியைப் பொறுத்துப் பணம் கட்ட வேண்டும்.

ஆக, உரிமை இருக்கிறது. அந்த உரிமையைக் கையில் கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும் இல்லையா? அங்கேதான் புவியியல் குறுக்கே நிற்கிறது.

கிளாஸ்கோவில் ஒரு பராமரிப்புப் பணியாளர் ஒரே தெருவில் நாலு வீட்டைப் பார்த்து முடித்துவிடலாம். மல் தீவில் அது நடக்காது. படகுத் துறை இருக்கும் கிரெய்க்னூரிலிருந்து தீவின் மேற்கு முனையான ஃபின்னஃபோர்ட்டுக்கு சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பாலும் ஒற்றை வண்டிப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிடம் பார்த்து நிறுத்தி வழிவிட வேண்டும். கோடையில் சுற்றுலா வேன்கள் வேறு. ஒரு முதியவருக்கு அரை மணி நேரம் உதவ, வண்டியிலேயே ஒன்றரை மணி நேரம் போகும். அதே சம்பளப் பணத்தில் நகரத்தில் நடக்கும் வேலையில் பாதிகூட இங்கே நடக்காது.

மருத்துவமனைக் கதையும் இப்படித்தான். மருத்துவச் சேவையை நடத்துவது என்எச்எஸ் ஹைலேண்ட். அதன் தலைமையகம் தூர வடக்கே இன்வர்னஸில். ஓபனில் ஒரு கிராமப்புறப் பொது மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் பெரும்பாலும் கிளாஸ்கோதான். அவசரம் என்றால் ஹெலிகாப்டர் வரும். அதில் குறை சொல்ல முடியாது. கஷ்டம் சாதாரண விஷயங்களில்தான் இருக்கிறது. பத்து நிமிடக் கண் பரிசோதனைக்கு ஒரு 80 வயதுக்காரர் படகு ஏறி, பேருந்து மாறி, இரவு தங்கி, மறுநாள் திரும்ப வேண்டியிருக்கும்.

சிகிச்சை முடிந்தபின் இன்னொரு சிக்கல். உடம்பு சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் கவனிக்கப் பணியாளர் கிடைக்காததால் நோயாளி மருத்துவமனைப் படுக்கையிலேயே காத்திருப்பார். இதை ‘தாமதமான டிஸ்சார்ஜ்’ என்கிறார்கள். பிரிட்டன் முழுக்க இருக்கும் பிரச்னைதான். ஆனால் தீவில் ஒரே ஒரு பணியாளர் வேலையை விட்டாலும் ஒரு ஊரின் சேவையே நின்றுபோகும்.

தொழில்நுட்பம் கைகொடுக்காதா? கொஞ்சம் கொடுக்கிறது. கழுத்தில் மாட்டிய பட்டனை அழுத்தினால் உதவி மையத்துக்கு அழைப்பு போகும் வசதியைப் பல முதியவர்கள் வைத்திருக்கிறார்கள். இதில் புதிதாக ஒரு கவலை. பிரிட்டனில் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்புகளை 2027 ஜனவரிக்குள் இணையவழி இணைப்புகளாக மாற்றி முடிக்கத் திட்டம். பழைய தொலைபேசி மின்சாரம் போனாலும் வேலை செய்யும். புதியதற்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டும். புயலில் மின்தடை வரும், மொபைல் சிக்னலும் பலவீனமான ஊர்களில் இது சாதாரண மாற்றம் இல்லை.

பணியாளர் தயார், வீடு எங்கே?

ஒருவர் தீவில் பராமரிப்பு வேலைக்கு வரத் தயார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி: எங்கே தங்குவது?

2023 ஜூனில் ஆர்கைல் அண்ட் பியூட் கவுன்சில் வீட்டுவசதி அவசரநிலையை அறிவித்தது. ஸ்காட்லாந்தில் இப்படி அறிவித்த முதல் கவுன்சில் இதுதான். அதே ஆண்டு எடின்பராவும் கிளாஸ்கோவும் அறிவித்தன. 2024 மே மாதம் தேசிய அளவிலேயே அவசரநிலை இருப்பதாக ஸ்காட்லாந்து அரசு ஒப்புக்கொண்டது. பெருநகரங்களுக்கு முன்னால் மக்கள் குறைந்துகொண்டிருக்கும் ஒரு கிராமப் பகுதி இதைச் சொன்னது பலருக்கு ஆச்சரியம். ஆள் குறைகிறது என்றால் வீடு மிச்சமாக அல்லவா இருக்க வேண்டும்?

இல்லை. அழகான கடற்கரையில் வீடு வாங்க நகரத்துக்காரர்கள் போட்டி போடுகிறார்கள். சில வீடுகள் விடுமுறைக்கு மட்டும் திறக்கும் இரண்டாவது வீடுகள். சில வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக் கணக்கில் வாடகைக்குப் போகின்றன. மாத வாடகைக்கு ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதைவிட அதில் வருமானம் அதிகம். கூடவே, முன்பு குடும்பமாக இருந்த வீட்டில் இப்போது ஒரு முதியவர் தனியாக இருக்கிறார். ஆள் குறைந்தாலும் வீட்டின் தேவை குறையவில்லை.

புதுசாகக் கட்டலாமே? தீவுக்கு சிமென்ட், மரம், கட்டட வேலையாட்கள் எல்லாம் படகில் வர வேண்டும். செலவு நிலப்பகுதியைவிட நிறைய. அந்த வேலையாட்கள் தங்கவும் இடம் வேண்டும். ஐலா தீவில் இந்த முரண்பாடு நன்றாகத் தெரியும். பத்து விஸ்கி ஆலைகள் இருக்கும் தீவு அது. அங்கே வேலை இல்லை என்ற பேச்சே கிடையாது. வேலைக்கு வருகிறவருக்கு வீடு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. சம்பளம் கொஞ்சம் கூடுதலாகத் தரும் ஆலையோடும் ஹோட்டலோடும் சால்மன் மீன் பண்ணையோடும் முதியோர் பராமரிப்புத் துறை போட்டி போட வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் தோற்பது பெரும்பாலும் பராமரிப்புத் துறைதான்.

2024 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்க ஸ்காட்லாந்து கவுன்சில்களுக்கு அதிகாரம் கிடைத்திருக்கிறது. வரி கூடினால் சில வீடுகள் விற்பனைக்கு வரலாம். ஆனால் அந்த விலையை ஒரு பராமரிப்புப் பணியாளரால் கொடுக்க முடியுமா என்பது தனிக் கேள்வி.

படகு வந்தால்தான் பால் பாக்கெட்

தீவுகளுக்குப் படகு என்பது பொதுச் சாலை மாதிரி. பெரும்பாலான தடங்களை ஸ்காட்லாந்து அரசுக்குச் சொந்தமான கால்மேக் நிறுவனம் நடத்துகிறது. கப்பல்களில் பல வயதானவை. ஐலா தடத்தில் ஓடிய ‘ஹெப்ரிடியன் ஐல்ஸ்’ 1985இல் நீரில் இறக்கப்பட்டது. 2024இல்தான் ஓய்வு பெற்றது. பழைய கப்பல் பழுதானால் ஒரு தடத்திலிருந்து கப்பலை எடுத்து இன்னொரு தடத்துக்கு அனுப்புவார்கள். ஒரு தீவின் பிரச்னை இன்னொரு தீவுக்குப் போகும். ஐலாவுக்காக இரண்டு புதிய கப்பல்களைக் கட்ட 2022இல் துருக்கியின் ஜெம்ரே கப்பல் தளத்துக்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது.

கட்டணத்தைக் குறைத்தும் பார்த்தார்கள். அதே தூரத்தைச் சாலையில் போனால் ஆகும் செலவை அடிப்படையாக வைத்துக் கட்டணம் நிர்ணயிக்கும் முறை 2008இல் சோதனையாகத் தொடங்கி, 2015க்குள் மற்ற தடங்களுக்கும் விரிந்தது. தீவுக்காரர்களுக்கு லாபம்தான். ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கும் அதே மலிவு விலை. கோடையில் வண்டி ஏற்ற இடமே கிடைக்காமல் உள்ளூர்க்காரர் மருத்துவமனைத் தேதியைத் தவறவிடும் நிலை வந்தது.

இந்தியர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளிலிருந்து பணியாளர்கள் வருவது குறைந்தது. பற்றாக்குறையைச் சமாளிக்க, 2022 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு பராமரிப்புப் பணியாளர்களையும் ‘ஹெல்த் அண்ட் கேர்’ விசாவில் சேர்த்தது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே நாடுகளிலிருந்து ஏராளமானோர் இந்த விசாவில் பிரிட்டனுக்குப் போனார்கள்.

பிறகு கதவு படிப்படியாக மூடியது. 2024 மார்ச் முதல் பராமரிப்புப் பணியாளர்கள் துணைவரையும் பிள்ளைகளையும் புதிதாக அழைத்துவர முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக இந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பிரிட்டனில் இருப்பவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சலுகை. நிரந்தரக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கும் திட்டத்தையும் 2025 மே மாதம் அரசு அறிவித்தது. இந்த வேலையை நம்பி இன்னும் பணம் கேட்கும் ஏஜென்டுகள் இருந்தால், இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

குடியேற்றம் லண்டனின் அதிகாரம்; எடின்பராவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசால் விசா தர முடியாது. ஆள் குறையும் கிராமங்களுக்கென்று தனி விசா வேண்டும் என்று 2022இல் ஸ்காட்லாந்து அரசு திட்டம் கொடுத்தது. லண்டன் அதை ஏற்கவில்லை. குடும்பத்தை அழைத்துவர முடியாது என்ற விதி, மற்ற இடங்களைவிட இங்கே அதிகமாக வலிக்கும். காரணம், தீவுக்குத் தேவை ஒரு பணியாளர் மட்டும் கிடையாது. பள்ளியில் சேரும் இரண்டு பிள்ளைகளும்தான்.

பள்ளி ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு ஊரில் தொடக்கப் பள்ளி மூடினால் இளம் குடும்பங்கள் அங்கே வராது. அதனால் பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் மக்கள் போராடுவார்கள். 2010இல் 26 தொடக்கப் பள்ளிகளை மூடும் யோசனையைக் கவுன்சில் முன்வைத்தபோது எதிர்ப்பு பலமாக எழுந்தது, திட்டம் நடக்கவில்லை. கிராமப்புறப் பள்ளியை மூடும் முன் மாற்று வழிகளையும், ஊருக்கு ஏற்படும் பாதிப்பையும் பார்க்க வேண்டும் என்று 2010இல் வந்த ஸ்காட்லாந்து சட்டம் சொல்கிறது.

கவுன்சிலின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதன் வருமானத்தில் பெரும்பங்கு ஸ்காட்லாந்து அரசின் மானியம். அந்த மானியம் மக்கள்தொகையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. தீவுகளுக்குக் கூடுதல் தொகை உண்டென்றாலும், ஆள் குறைந்தால் மானியம் சுருங்கும். ஆனால் சாலையின் நீளம் சுருங்காது. படகுத் துறைகளும் பள்ளிக் கட்டடங்களும் அப்படியே இருக்கும்.

ஏதாவது பலன் கொடுத்திருக்கிறதா?

பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் யோசனை ஒன்று வந்தது. தீவுகளில் தங்கவோ குடியேறவோ முன்வரும் இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் 50,000 பவுண்டு வரை தருவதாக 2021இல் ஸ்காட்லாந்து அரசு அறிவித்தது. ‘ஐலண்ட் பாண்ட்’ என்று பெயர். உலகம் முழுக்கச் செய்தியானது. தீவு மக்களிடமே கருத்துக் கேட்டபோது வரவேற்பு இல்லை. தனிநபர் கையில் பணம் கொடுப்பதற்குப் பதில் வீட்டுக்கும் படகுக்கும் செலவு செய்யுங்கள் என்பதுதான் பலர் சொன்னது. 2022இல் திட்டம் கைவிடப்பட்டது.

கீயா தீவின் அனுபவம் வேறு. தனியாருக்குச் சொந்தமாக இருந்த அந்தத் தீவை 2002இல் ஊர் மக்களே அறக்கட்டளை அமைத்து வாங்கினார்கள். பழைய வீடுகளைச் சீரமைத்தார்கள், புதிய வீடுகளுக்கு இடம் ஒதுக்கினார்கள், காற்றாலை அமைத்து மின்சாரம் விற்றார்கள். 2001இல் 110 பேர் இருந்த தீவில் 2011இல் 163 பேர். சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்த அளவுள்ள தீவில் இது பள்ளிக்கூடம் நிலைப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

மல் தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் உல்வாவையும் 2018இல் ஊர் அமைப்பு ஒன்று அரசின் நில நிதியுதவியோடு வாங்கியது. அப்போது அங்கே பத்துப் பேர்கூட வசிக்கவில்லை. முதலில் கை வைத்த வேலைகளில் ஒன்று, சிதிலமான வீடுகளைக் குடியிருக்கத் தக்கதாக்குவது.

பியூட் தீவுக்கு 2015 டிசம்பரில் சிரியாவிலிருந்து அகதிக் குடும்பங்கள் வந்தன. தலைநகர் ராத்சேயில் காலியாக இருந்த வீடுகள் அவர்களுக்குக் கிடைத்தன. சிலர் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். சிலர் தங்கி பேக்கரி, முடிதிருத்தும் கடை என்று தொழில் தொடங்கினார்கள்.

இந்த மூன்று இடங்களிலும் ஒரு விஷயம் பொது. முதலில் வீடு வந்தது. ஆள் பிறகு வந்தார்கள்.

அடுத்து என்ன?

2024 பிப்ரவரியில் மக்கள்தொகைக் குறைவைச் சமாளிக்க ஸ்காட்லாந்து அரசு ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. மலைச்சரிவுக் கூரை, புதிய கப்பல்கள் போன்ற பெரிய வேலைகளும் பேச்சில் இருக்கின்றன. இவையெல்லாம் முடிய வருடங்கள் ஆகும். இப்போது 75 வயதில் இருப்பவர்களுக்கு அந்த வருடங்கள் கையில் இல்லை.

அங்கே ஒரு முதியவர் தன் கடைசிக் காலத்தைச் சொந்த வீட்டில் கழிப்பாரா, இல்லை படகு ஏறித் தெரியாத ஊரின் இல்லத்துக்குப் போவாரா என்பது அவர் உடம்பைப் பொறுத்தது மட்டுமில்லை. தெருவின் அடுத்த வீடு விடுமுறை வாடகைக்குப் போகிறதா, பராமரிப்புப் பணியாளரின் குடும்பத்துக்குப் போகிறதா என்பதையும் பொறுத்தது. இந்த வீடுகளை யாருக்காக வைத்துக்கொள்வது என்பதைத்தான் ஆர்கைல் அண்ட் பியூட் இப்போது முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.